எல்லைக் கோட்டையில் ஒரு மூதாதை

தம் குடியில் முன்னர் வாழ்ந்தவர் யார், அவர் செய்தது யாது என அறிய விழைவது மக்கள் அனைவர்க்கும் பொதுவான இயல்பு. நம் நாட்டில் இவ்விழைவு பெரும்பாலும் குலதெய்வக் கோயிலிலும், ஊர்ப் பெரியோர் சொல்லும் கதையிலும், எப்போதேனும் ஒரு கல்வெட்டிலும் நிறைவு பெற்றுவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அது ஆவணக் காப்பகத்தின் வாயிலில் வந்து நிற்கிறது. தம் முன்னோர் புரட்சிப் போரில் பணிபுரிந்தார் எனச் சான்று காட்டும் பெண்டிருக்கென 1890-ஆம் ஆண்டில் அங்கு ஒரு சங்கம் தோன்றியது. அதற்கும் முற்பட்ட காலத்தில், 1607 முதல் 1775 வரை நிகழ்ந்த குடியேற்றக் காலப் போர்களில் பணிபுரிந்தோரின் வழித்தோன்றல்களுக்கென 1892-இல் மற்றொன்று தோன்றியது. இத்தகைய சங்கங்களில் சேர விரும்புவோர் மட்டுமல்லர், வேறெப் பயனும் கருதாத எளிய குடும்பத்தினரும், 'எம் பாட்டனாரின் பாட்டனார் எல்லைக் கோட்டையில் இருந்தாராம்' என்னும் ஒரு வாய்மொழியைக் கையிற்பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தேடுகின்றனர்.

அத்தேடல் எவ்வாறு நடைபெறுகிறது, அதன் முடிவில் கிடைப்பது யாது என்பதை ஒரு கோட்டையை முன்வைத்து ஆராய்வோம். இன்றைய டென்னசி மாநிலத்தில், லிட்டில் டென்னசி ஆற்றங்கரையில் 1756-இல் எழுந்து, நான்கே ஆண்டுகளில் வீழ்ந்துபோன லௌடன் கோட்டையே அது. அதன் வரலாறு சிறியது. ஆயினும், 'என் மூதாதை அங்கே பணிபுரிந்தார்' என்னும் எளிய சொற்றொடருக்குள் எத்துணைப் பொருள்கள் மறைந்துள்ளன என்பதை அது நன்கு விளக்கும்.

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உலகின் பல பாகங்களில் ஒருங்கே பொருத காலம் அது. நம் தமிழகத்திலும் அப்போரின் ஒரு பகுதி நடந்தது. 1758 டிசம்பரில் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டதும், 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் அவர் தோல்வியுற்றதும் நேயர்கள் அறிந்தவையே. அதே போர், கடல்களுக்கு அப்பால் வட அமெரிக்கக் காடுகளில் வேறு வடிவம் கொண்டிருந்தது. அங்கே போரின் போக்கை முடிவு செய்யும் ஆற்றல் பழங்குடி அரசுகளின் கையில் இருந்தது. தெற்கே அவற்றுள் வலிமை மிக்கவர் செரோக்கி மக்கள். அவர்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்றால் தென் கரோலினா பிழைக்கும். பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தால் அதன் எல்லை திறந்து கிடக்கும்.

செரோக்கியரும் ஒன்றை வேண்டினர். தங்கள் போர்வீரர் ஆங்கிலேயருக்குத் துணையாகத் தொலைதூரம் சென்றால், ஊரில் விடப்படும் பெண்டு பிள்ளைகளுக்குக் காவல் யார் என்று வினவினர். அதற்கு விடையாகவே, மலைத்தொடருக்கு அப்பாலுள்ள ஊர்களின் நடுவே ஒரு கோட்டை கட்டித் தருவதாக ஆங்கிலேயர் வாக்களித்தனர். ஆகவே லௌடன் கோட்டை செரோக்கியரை அடக்க எழுந்ததன்று; அவர்கள் கேட்டுப் பெற்றது. முன்னோரைத் தேடுவோர் முதற்கண் நினைவிற் கொள்ளவேண்டிய உண்மை இது. ஏனெனில், எல்லைக் கோட்டை என்றாலே காட்டின் நடுவே பகைவர் சூழ நின்ற தனி அரண் என்று குடும்பக் கதைகள் கூறும். இக்கோட்டையோ டஸ்கிகி என்னும் செரோக்கி ஊரின் அருகே, டோமாட்லி, டோக்குவா, சோட்டா, டனாசி முதலிய ஊர்களுக்கு அண்மையில், அவர்களது சோளக் கழனிகளை நம்பி நின்றது. டனாசி என்னும் அவ்வூரின் பெயரே பின்னர் மாநிலம் முழுமைக்கும் பெயராயிற்று.

தேடலில் எதிர்ப்படும் முதல் இடர் கோட்டையின் பெயரே. லௌடன் பிரபு அக்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்த ஆங்கிலப் படைகளின் தலைமைத் தளபதி. ஆதலின் 1756 என்னும் அந்த ஓராண்டிலேயே மூன்று குடியேற்றங்கள் தத்தம் கோட்டைக்கு அவர் பெயரைச் சூட்டின. வர்ஜீனியாவின் வின்செஸ்டரில் ஜார்ஜ் வாஷிங்டன் கட்டியது ஒன்று. பென்சில்வேனியாவில் எழுந்தது மற்றொன்று. செரோக்கி நாட்டில் தென் கரோலினா கட்டியது மூன்றாவது. குடும்ப விவிலியத்தின் முன்தாளில் 'லௌடன் கோட்டையில் பணி' என்று ஒரு வரி இருந்தால், அது இம்மூன்றில் எதனைக் குறிக்கிறது?

இவ்வினாவை எழுப்பாமல் தேடத் தொடங்கியவர், பிறர் பாட்டனாரைத் தம் பாட்டனாராகக் கொண்டு மகிழ நேரிடும். வாஷிங்டனின் வர்ஜீனியாப் படைக்கு அடையாளப் பட்டியல்கள் உள்ளன. அவற்றில் வீரனின் வயது, உயரம், பிறந்த நாடு, செய்த தொழில், தோற்றம் முதலியன குறிக்கப்பட்டுள்ளன. ஒருவன் தப்பியோடினால் பிடிப்பதற்காக எழுதப்பட்டவை அவை. எனினும் முன்னோரின் முகத்தைக் காண ஏங்குவோர்க்கு இதனினும் இனிய ஆவணம் இராது. ஆகவே பெயர் சற்றே ஒத்திருந்தாலும், 'இவரே எம்மவர்' என்று கொள்ளும் ஆசை எழுகிறது. ஆசையை அடக்கி, அவ்வீரன் எந்த மாவட்டத்தில் நிலம் வைத்திருந்தான், எங்கே திருமணம் செய்தான், எவ்வழியே வந்தான் என்பவற்றை நிலப் பத்திரங்களிலும் திருச்சபைப் பதிவேடுகளிலும் ஒப்புநோக்குவதே நேரிய வழி.

நாட்களைக் கணிப்பதிலும் விழிப்பு வேண்டும். ஆங்கில ஆட்சிப் பகுதிகள் 1752-இல் தம் நாட்காட்டியை மாற்றிக்கொண்டன. அதற்கு முன்னர் அங்கே சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச் 25-இல். மாற்றத்தின்போது பதினொரு நாட்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே இக்கோட்டையில் பணிபுரிந்த ஒருவர் பிப்ரவரி மாதத்தில் பிறந்தவராயின், அவர் பிறந்த ஆண்டு ஒரு பதிவேட்டில் 1730 என்றும் பிறிதொன்றில் 1731 என்றும் காணப்படலாம். அவை இரண்டு மனிதரல்லர், ஒரே மனிதர். பெயர்களின் எழுத்துக்கூட்டும் இத்தன்மையதே. எழுதப் படிக்கத் தெரியாத வீரன் தன் பெயரைச் சொன்னான். எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதிக்கொண்டார். ஒரே பெயர் மூன்று தாள்களில் மூன்று வகையாக இருப்பது அக்காலத்தில் வியப்பன்று.

மூன்று கோட்டைகளுள் தென் கரோலினாவின் கோட்டையே நம் மூதாதை இருந்த இடம் என்று தெளிந்தால், அடுத்த வினா எழும்: அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் யார்? 1756-இல் கேப்டன் ரேமண்ட் டெமரேயின் தலைமையில் மலை கடந்து சென்ற சுமார் 200 பேரும் ஒரே படையினர் அல்லர். ஒரு பகுதியினர் 'தனிக் கம்பெனி' எனப்பட்ட அரசர் படையினர். அவர்களுக்கு ஊதியம் லண்டனிலிருந்து வந்தது. எஞ்சியோர் தென் கரோலினாவின் சட்டமன்றம் திரட்டிய குடியேற்றப் படையினர்; கம்பெனிக்கு 60 பேராக இரு கம்பெனிகள். ஒரே சுவருக்குள் உறங்கினாலும் இவர்களின் பெயர்கள் இருவேறு நாடுகளின் காப்பகங்களில் உறங்குகின்றன. அரசர் படையைப் பற்றிய தாள்களை லண்டனில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் அலுவலகத் தொகுதிகளில் தேடவேண்டும். குடியேற்றப் படையின் செலவுக் கணக்குகளைத் தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் தேடவேண்டும். அக்காலத்து ஆளுநர் லிட்டில்டனுக்குக் கோட்டையிலிருந்து சென்ற கடிதங்களோ, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளெமென்ட்ஸ் நூலகத்தில் உள்ளன. சம்பளம் சென்ற வழியைப் பின்பற்றினால் ஆவணம் இருக்கும் இடம் தெரியும் என்பது இவ்வாராய்ச்சியின் முதல் விதி எனலாம்.

'மஸ்டர் ரோல்' எனப்படும் ஆஜர்ப் பட்டியல் எதற்காக எழுதப்பட்டது? வீரனின் நினைவைப் போற்றுவதற்காக அன்று. இறந்தவர் பெயரிலும் ஓடிப்போனவர் பெயரிலும் சம்பளம் பெறும் பழக்கம் அக்காலப் படைத்தலைவர் சிலரிடம் இருந்தது. அதைத் தடுக்க, குறித்த நாளில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணி எழுதினர். பொய்ப்பட்டியல் தருவோரைத் தண்டிக்கச் சட்டமும் இருந்தது. ஆகவே பட்டியலில் ஒரு பெயர் இருப்பதன் பொருள், அந்நாளில் அம்மனிதன் அங்கே உயிருடன் நின்றான், அவனுக்கு இத்தனை நாட் சம்பளம் உரியது என்பதே. அவன் வீரனா கோழையா, தன் தோழர்க்கு நல்லவனா, காட்டிலிருந்து வந்த செரோக்கியரை எவ்வாறு நடத்தினான் என்பவற்றைப் பட்டியல் சொல்லாது, சொல்ல எழுதப்பட்டதுமன்று.

அவற்றை அறியக் கடிதங்களை நாடவேண்டும். இவ்வகையில் லௌடன் கோட்டையைத் தேடுவோர் பேறு பெற்றவர் ஆவர். கோட்டையின் தலைவர்கள் இடைவிடாது எழுதினர். குறை கூறுவதற்கென்றே பெரும்பாலும் எழுதினர். கோட்டையை வரைந்தவர் வில்லியம் ஜெரார்டு டி பிராம் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். தலைவர் டெமரே, பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு வழியினர். கோட்டை எவ்விடத்தில், எவ்வடிவில் அமையவேண்டும் என்பதில் இருவர்க்கும் ஓயாத பூசல். அப்பூசல் முற்றி, 1756 டிசம்பர் இறுதியில், கோட்டை முடிவடையுமுன்னரே பொறியாளர் நள்ளிரவில் புறப்பட்டுப் போய்விட்டார். அகழியின் ஓரத்தில் அவர் நடச்செய்த முட்செடி வேலி மட்டும் அவர் நினைவாக எஞ்சியது. ஒரு வணிகர் பன்னிரண்டு சிறு பீரங்கிகளை, ஒவ்வொன்றும் சுமார் 300 பவுண்டு எடையுள்ளவற்றை, குதிரைகளின் முதுகிலேற்றி மலைவழியே கொண்டுவந்து சேர்த்தார். சார்லஸ் டவுன் நகரத்திலிருந்து அக்கோட்டை ஏறத்தாழ 500 மைல் தொலைவு. உணவும் சம்பளமும் செய்தியும் அத்தொலைவைக் கடந்தே வரவேண்டும். கடிதத்தில் நம் மூதாதையின் பெயர் இராது. எனினும் அவர் தோண்டிய அகழி இருக்கும்; அவர் உண்ட சோளமும், வந்து சேராத சம்பளமும் இருக்கும். பெயரற்ற இச்செய்திகளே பட்டியலிலுள்ள பெயருக்கு உயிர் தருகின்றன.

இக்கடிதங்களைப் படிப்போர் விரைவில் மற்றொன்றையும் காண்பர். பட்டியலில் இடம்பெறாத பலர் அக்கோட்டையில் வாழ்ந்தனர். வீரரின் மனைவியர் இருந்தனர், குழந்தைகள் இருந்தனர். ஆபிரகாம் என்னும் கறுப்பின அடிமை ஒருவர் இருந்தார். கோட்டை முற்றுகையிடப்பட்டபோது, சூழ்ந்திருந்தோர் கண்ணிற் படாமல் மலைகளைக் கடந்து கடிதங்களைச் சுமந்து சென்றவர் அவரே. அதற்குக் கைம்மாறாக விடுதலை பெற்றார். நாம் இன்று படிக்கும் முற்றுகைக் காலக் கடிதங்கள் நமக்குக் கிட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆஜர்ப் பட்டியலில் அவருக்கு இடமில்லை.

இனிக் கோட்டையின் வீழ்ச்சிக்கு வருவோம். குடும்பக் கதைகளும் ஆவணங்களும் முரண்படும் இடம் இதுவே. பல குடும்பங்களில் வழங்கும் கதை சுருக்கமானது: 'செரோக்கியர் வஞ்சனையாகச் சரணடைந்தோரைக் கொன்றனர், எம் முன்னோர் அதில் மாண்டார்', அல்லது 'தப்பினார்'. இக்கதை முழுப் பொய்யன்று. ஆனால் இறுதி அதிகாரத்தில் தொடங்கும் கதை. முற்பகுதியை ஆவணங்கள் சொல்கின்றன.

1758-இல் செரோக்கி வீரர் வடக்கே ஆங்கிலேயருக்குத் துணையாகச் சென்றனர். திரும்பி வரும் வழியில், வர்ஜீனியாவின் எல்லைக் குடியேறிகளால் அவர்களுள் பலர் கொல்லப்பட்டனர். மாண்டோரின் உறவினர் 1759-இல் கரோலினா எல்லைக் குடிகளைத் தாக்கிப் பழி தீர்த்தனர். ஆளுநர் லிட்டில்டன் செரோக்கியருக்கு வெடிமருந்து செல்வதை நிறுத்தினார். அக்டோபரில் ஒக்கொனஸ்டோட்டா என்னும் பெருந்தலைவர் சமாதானம் நாடித் தம்மவருடன் சார்லஸ் டவுனுக்கு வந்தார். வந்தவர்களைக் காவலில் வைத்து, படையுடன் பிரின்ஸ் ஜார்ஜ் கோட்டைக்கு நடத்திச் சென்றார் ஆளுநர். டிசம்பர் 26-இல் உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. குடியேறிகளைக் கொன்றோர் ஒப்படைக்கப்படும் வரையில் இருபதுக்கும் மேற்பட்ட செரோக்கியர் பிணையாளராக அக்கோட்டையில் அடைக்கப்பட்டனர். ஒக்கொனஸ்டோட்டா மட்டும் விடுவிக்கப்பட்டார். அம்மை நோய் பரவவே ஆளுநரின் படை கலைந்து ஊர் திரும்பியது.

1760 பிப்ரவரி 16-இல், ஒக்கொனஸ்டோட்டா அக்கோட்டையின் தலைவர் கோய்ட்மோரைப் பேச்சுக்கென ஆற்றங்கரைக்கு அழைத்தார். மறைந்திருந்தோர் அவரைச் சுட்டு வீழ்த்தினர். சினங்கொண்ட காவற்படையினர் உள்ளே அடைபட்டிருந்த பிணையாளர் அனைவரையும் கொன்றனர். நம் நாட்டில் வந்தவாசிப் போர் முடிந்து ஒரு திங்களும் நிறையாத நாள் அது.

அதன்பின் லௌடன் கோட்டையைச் சூழ்ந்த ஊர்கள் பகையாயின. மார்ச் மாதத்தில் முற்றுகை தொடங்கியது. அப்போது ரேமண்ட் டெமரே அங்கில்லை. அவர் உடன்பிறந்தார் பால் டெமரே 1757 முதல் தலைவராக இருந்தார். தளபதி ஆம்ஹர்ஸ்ட் அனுப்பிய மான்ட்கோமரியின் படை கீழ்ச் செரோக்கி ஊர்களை எரித்தது. ஆயினும் ஜூன் 27-இல் மலைக் கணவாயில் தாக்குண்டு திரும்பிவிட்டது. உதவி வரும் வழி அடைபட்டது. ஜூன் மாதத்தில் மூவருக்கு நாளொன்றுக்கு ஒரு குவார்ட், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர் மக்காச்சோளமே பங்கீடு. பின்னர் அதுவும் தீர்ந்து குதிரைகளை உண்டனர்.

இந்நிலையில் கோட்டைக்குள் உணவு கொண்டுவந்தோர் யார் தெரியுமா? வீரரை மணந்திருந்த செரோக்கிப் பெண்டிர். ஹென்றி டிம்பர்லேக் என்னும் வர்ஜீனியப் படை அதிகாரி, 1761 இறுதியில் செரோக்கி ஊர்களுக்குச் சென்று சில மாதங்கள் தங்கி, 1765-இல் லண்டனில் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். அதில் இச்செய்தி உள்ளது. உணவு கொண்டு செல்வோர்க்கு மரண தண்டனை என்று வில்லினாவா என்னும் தலைவர் அச்சுறுத்தினார். பெண்டிர் நகைத்தனர். தங்களைக் கொன்றால் தங்கள் உறவினர் அவரது உயிரால் அக்கொலைக்கு ஈடு செய்வர் என்று விடை கூறினர். தலைவர் வாளாவிருந்துவிட்டார்.

அவ்விடையில் செரோக்கிச் சமுதாயத்தின் அடிப்படை அறம் அடங்கியுள்ளது. அங்கே குலம் தாய்வழி வருவது. ஒருவர் கொல்லப்பட்டால் அவர்தம் குலத்தார் ஈடு கொள்வது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். அவ்வீடு, கொன்றவனிடமிருந்தோ அவனைச் சேர்ந்தோரிடமிருந்தோ பெறப்படும். இந்த அறமே பெண்டிரின் உயிரைக் காத்தது. அவர்கள் வாயிலாகக் கோட்டையினரின் உயிரையும் சில திங்கள் காத்தது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் பசி தாங்காது வீரர் இரவில் சுவரேறி வெளியேறலாயினர். இத்தகையோரைப் பட்டியல் 'ஓடிப்போனார்' என்ற ஒரு சொல்லால் முடித்துவிடும். வழித்தோன்றல்கள் அச்சொல்லைக் கண்டு நாணுகின்றனர். ஆனால் எந்த மாதத்தில் ஓடினார், அம்மாதத்தில் பங்கீடு எவ்வளவு, வெளியே அவருக்கு மனைவி இருந்தாளா என்று கேட்டபின் அச்சொல்லின் பொருள் மாறிவிடும்.

ஆகஸ்ட் 7-ஆம் நாள் உடன்பாடு எழுதப்பட்டது. பீரங்கிகளையும் வெடிமருந்தையும் விட்டுவிட்டு, காவற்படை தாயகம் செல்லலாம். 9-ஆம் நாள் சுமார் 180 ஆடவரும் 60 பெண்டிரும் சில குழந்தைகளும் வெளியேறினர். மறுநாள் விடியலில், ஓர் ஓடைக்கரையில் அவர்கள் தங்கியிருந்தபோது செரோக்கியர் சூழ்ந்து தாக்கினர். பால் டெமரேயும், கேப்டன் ஜான் ஸ்டூவர்ட் நீங்கலாக ஏனைய அதிகாரிகளும், இருபதுக்கும் மேற்பட்ட வீரரும், மூன்று பெண்டிரும் மாண்டனர். எஞ்சியோர் சிறைப்பட்டனர். வெடிமருந்தைக் காவற்படையினர் புதைத்து மறைத்தது உடன்பாட்டை மீறியதாகக் கருதப்பட்டது என்பது அக்காலத்தில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் எண்களையும் நோக்கவேண்டும். பிப்ரவரியில் கொல்லப்பட்ட பிணையாளரின் தொகையும், ஆகஸ்டில் மாண்டவரின் தொகையும் ஏறத்தாழ ஒத்திருக்கின்றன. சிறைப்பட்ட பெருந்தொகையினரைக் கொல்லாது விட்டதும் இதனோடு பொருந்துகிறது. பெண்டிரைக் காத்த அதே அறம், இப்போது காவற்படையிடம் தன் ஈட்டைப் பெற்றுக்கொண்டது. மாண்டவர் பிணையாளரைக் கொன்றவர் அல்லர். நெடுந்தொலைவில் மற்றொரு கோட்டையில் நடந்த அச்செயலுக்கு அவர்கள் விலை கொடுத்தனர். இது கொலையை நியாயப்படுத்துவது அன்று. அதன் காரணத்தை விளக்குவது. காரணமின்றிக் கூறப்படும் கொடுமை, கேட்போர் உள்ளத்தில் வெறுப்பை மட்டுமே வளர்க்கும்.

தப்பிய ஒரே அதிகாரியான ஸ்டூவர்ட்டைக் காத்தவரும் ஒரு செரோக்கியரே. அட்டகுல்லகுல்லா என்னும் முதுபெருந்தலைவர், இளமையில் 1730-ஆம் ஆண்டில் லண்டன் சென்று வந்தவர், தம் துப்பாக்கி முதலிய உடைமைகளைக் கொடுத்து அவரை மீட்டார்; வேட்டைக்குச் செல்வதாகக் கூறி, காட்டு வழியே வர்ஜீனியப் படையிடம் கொண்டுசேர்த்தார். பின்னர் ஸ்டூவர்ட் தென்பகுதிப் பழங்குடி உறவுகளுக்கு அரசரின் மேற்பார்வையாளராக 1762-இல் அமர்ந்தார். ஏனைய சிறைப்பட்டோர் சிறிது சிறிதாக மீட்கப்பட்டனர். 1761-இல் கர்னல் கிராண்டின் படை நடுப்பகுதிச் செரோக்கி ஊர்கள் பதினைந்தை எரித்தது. அவ்வாண்டின் இறுதியில் சமாதானம் ஏற்பட்டது. குடும்பத்தின் மூதாதை அப்படையிலும் இருந்திருப்பின், எரிந்த ஊர்களும் எரிந்த சோளக் கழனிகளும் அவர் பணியின் பகுதியே.

பிழைத்து மீண்டவரைத் தேடுவோர்க்கு மற்றொரு தடயம் நிலம். 1763 அக்டோபர் 7-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வெளியிட்ட அறிக்கை, அமெரிக்காவில் பணிபுரிந்து விலகிய படையினருக்கு நிலம் வழங்கியது. கேப்டனுக்கு 3,000 ஏக்கர், கீழ்நிலை அதிகாரிக்கு 2,000, படைத்துணைவருக்கு 200, சாதாரண வீரனுக்கு 50. அங்கேயே வாழ்ந்துகொண்டு, நேரில் வந்து விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. ஆகவே போர்க் கணக்கில் மறைந்த பெயர் சில வேளை நில அலுவலகத்தில் மீண்டும் தோன்றும். அதே அறிக்கை, மலைத்தொடருக்கு மேற்கே எவரும் குடியேறலாகாது, அந்நிலம் பழங்குடியினருக்கு உரியது என்றும் கூறியது. முன்னதை மக்கள் விரும்பிப் பெற்றனர். பின்னதை விரைவில் மறந்தனர். பாட்டனாரின் 50 ஏக்கர் எங்கே இருந்தது, அதற்கு முன் அது யாருடையது என்னும் வினா குடிவழி ஆராய்ச்சியின் புறத்தேயுள்ள வினா அன்று. அதன் நடுவேயுள்ள வினாவே.

இக்கோட்டையின் சந்ததியார் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. வீரருக்கும் செரோக்கிப் பெண்டிருக்கும் பிறந்த குழந்தைகள் தாயின் குலத்தினராகத் தாயின் ஊரிலேயே வளர்ந்தனர். 1838-39-இல் செரோக்கியர் தம் நாட்டிலிருந்து மேற்கே துரத்தப்பட்ட துயர வழியில் ஒரு கூட்டத்தை நடத்திச் சென்றவர் ஜெஸ்ஸி புஷிஹெட் என்னும் சமயப் போதகர். அவர் மகன் டென்னிஸ் புஷிஹெட் 1879 முதல் 1887 வரை செரோக்கி நாட்டின் முதன்மைத் தலைவராக விளங்கினார். இக்குடும்பத்தினர் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியின் வழிவந்தோர் என்று அவர்தம் மரபு கூறுகிறது. ஆக, அதே கோட்டையைத் தம் மூதாதையின் இடமாகத் தேடும் உரிமை செரோக்கியருக்கும் உண்டு. அவர்களுக்கு ஆஜர்ப் பட்டியல் இல்லை. கோட்டைக் கடிதங்களில் அவர்கள் முன்னோரின் பேச்சு, மொழிபெயர்ப்பாளர் வாய்வழி ஆங்கிலமாகவே பதிவாயிற்று. கோட்டையை அடுத்த டஸ்கிகியில் பிறந்த செக்கோயா என்பவரே, 1821-இல் தம் மொழிக்கெனத் தனி எழுத்து முறையை வகுத்து அக்குறையைத் தீர்த்தார். அவ்வெழுத்து பிறந்தபோது கோட்டை வீழ்ந்து அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

இறுதியாக, மண்ணும் ஓர் ஆவணம். டெலிகோ அணைக்கட்டின் பொருட்டு 1975-76-இல் கோட்டை நின்ற இடம் முழுவதும் அகழ்ந்து ஆராயப்பட்டது. பொத்தான்கள், துப்பாக்கிக் கற்கள், மட்பாண்டத் துண்டுகள் முதலியன கிட்டின. 1979 நவம்பரில் அணையின் கதவுகள் மூடப்பட்டன. மூதாதையரின் ஊர்களும் கல்லறைகளும் மூழ்கும் என்று செரோக்கியர் தொடுத்த வழக்கு வெற்றி பெறவில்லை. கோட்டையின் இடத்தை மண்ணிட்டு உயர்த்தி, நீர்மட்டத்துக்கு மேலே பழைய வடிவில் மீண்டும் கட்டினர். சோட்டாவில் ஒரு நினைவிடம் அமைந்தது. ஊர் நிலங்கள் நீரடியில் மறைந்தன. அருகே செக்கோயாவின் பிறப்பிட அருங்காட்சியகத்தைக் கிழக்குச் செரோக்கியர் நடத்தி வருகின்றனர். ஏட்டில் நிகழ்ந்ததே நிலத்திலும் நிகழ்ந்தது: கோட்டை நிலைபெற்றது, அதைக் கேட்டுப் பெற்ற ஊர்கள் மறைந்தன.

எனவே, எல்லைக் கோட்டையில் தம் மூதாதையைத் தேடுவோர் பட்டியலில் பெயரைக் கண்டதும் நின்றுவிடலாகாது. பெயர் கிடைத்த இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது. அவருக்கு ஊதியம் கொடுத்தவர் யார், உணவு கொடுத்தவர் யார், அவர்பொருட்டு உயிரிழந்தவர் யார், எவர் செய்த செயலுக்காக அவர் உயிரிழந்தார் என்னும் வினாக்கள் அடுத்து வரிசையாக எழும். இவற்றுக்கு விடை தேடி முடிக்கும்போது குடும்பக் கதையின் வீரர் மறைந்துபோகலாம். அவ்விடத்தில், பசித்திருந்து, அயல்மொழி பேசும் பெண்ணொருத்தி கொணர்ந்த சோளத்தை உண்டு, தாம் அறியாத ஒரு கடனுக்குப் பொறுப்பான எளிய மனிதர் ஒருவர் தோன்றுவார். உண்மையில் வாழ்ந்த மூதாதை அவரே.